ஓர் எழுத்தாளர், ஆயிரம் சந்தா

மின்னஞ்சலில் மடல் அனுப்பியே குடும்பம் நடத்தும் எழுத்தாளர்கள் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். அவர்கள் எப்படி வளர்ந்தார்கள்? கையில் எவ்வளவு நிற்கிறது? நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா?

பென் தாம்சன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். தைவான் தலைநகர் தைபேயில் குடியிருந்தபடி, 2013இல் ‘ஸ்ட்ராடெக்கரி’ என்ற பெயரில் தொழில்நுட்ப நிறுவனங்களின் வியாபாரத்தை அலசி எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதை முழுநேரத் தொழிலாக்கினார். வாரம் ஒரு நீண்ட கட்டுரை எல்லோருக்கும் இலவசம். வார நாட்களில் அன்றன்றைய செய்தியை அலசும் மடல், சந்தா கட்டியவர்களின் மின்னஞ்சலுக்கு மட்டும். அப்போதைய கட்டணம் மாதம் 10 டாலர், ஆண்டுக்கு 100 டாலர். விளம்பரம் கிடையாது. ஓராண்டுக்குள் சந்தாதாரர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். பத்திரிகை நிறுவனத்தின் துணையின்றித் தனி மனிதர் ஒருவர் சந்தாவை வைத்தே நன்றாக வாழலாம் என்று அவர் காட்டிவிட்டார்.

அதைப் பார்த்துத்தான் 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் சப்ஸ்டாக் நிறுவனம் பிறந்தது. கிறிஸ் பெஸ்ட், ஜெய்ராஜ் சேத்தி, ஹேமிஷ் மெக்கென்ஸி ஆகிய மூவர் தொடங்கினார்கள். தாம்சன் தனக்காகக் கட்டியெழுப்பிய ஏற்பாட்டை, கணினி நுட்பம் தெரியாத எழுத்தாளரும் சில நிமிடங்களில் அமைத்துக்கொள்ளலாம் என்பதே அவர்கள் விற்ற சரக்கு. முதல் வாடிக்கையாளர் பில் பிஷப். சீனாவைப் பற்றி ‘சைனோசிஸம்’ என்ற மடலைப் பல ஆண்டுகளாக இலவசமாக அனுப்பிவந்தவர் அவர். சீனாவில் முதலீடு செய்தவர்களும் தூதரக அதிகாரிகளும் அதைக் காலையில் முதல் வேலையாகப் படித்தார்கள். அவர் விலை வைத்ததும் தயங்காமல் கட்டினார்கள். 2025 மார்ச்சில் சப்ஸ்டாக்கில் பணம் கட்டும் சந்தாக்களின் எண்ணிக்கை 50 லட்சத்தை எட்டியது.

இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், பெருங்கூட்டம் சேர்த்தால்தான் காசு என்று நினைக்கிறார்கள். சமூக ஊடகங்கள் நமக்குள் ஏற்றிவைத்த எண்ணம் அது. மின்மடலின் கணக்கு வேறு. 2008இல் கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய கட்டுரை ஒன்று, எதை வெளியிட்டாலும் வாங்கும் ஆயிரம் உண்மையான ரசிகர்கள் இருந்தால் ஒரு கலைஞர் பிழைத்துக்கொள்ளலாம் என்று வாதிட்டது. நம்பி வரும் ஒரு சிறு கூட்டம், அவர்கள் எதிர்பார்க்கும் ஒரே பொருள், தவறாத ஒரு நாள்: சந்தா இந்த மூன்றையும் நம்பித்தான் நிற்கிறது.

தபால்காரர் கொண்டுவந்த காலம்

மின்னஞ்சல் புதிது, இந்தத் தொழில் பழையது. வாஷிங்டனில் ஐ.எஃப். ஸ்டோன் என்ற பத்திரிகையாளர் இருந்தார். செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்துக் கெடுபிடியில் அவருக்கு வேலை தர ஆளில்லை. 1953 ஜனவரியில் நான்கு பக்க வாரமடல் ஒன்றைத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா 5 டாலர். முதல் இதழுக்குச் சுமார் 5,300 சந்தாதாரர்கள். அவரும் மனைவி எஸ்தரும் வீட்டிலிருந்தே நடத்தினார்கள். அவருக்கு ரகசியத் தகவல் தரும் அதிகாரிகள் யாரும் கிடையாது. அரசு அச்சிட்டு யாரும் படிக்காமல் விட்ட அறிக்கைகளையும் விசாரணைப் பதிவுகளையும் அவர் உட்கார்ந்து படித்தார்.

1957இல் நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கா முதன்முறையாகப் பூமிக்கடியில் முழுமையாக அடக்கி அணுகுண்டுச் சோதனை நடத்தியது. 200 மைலுக்கு அப்பால் அந்த அதிர்வை எந்தக் கருவியாலும் கண்டறிய முடியவில்லை என்றது அணுசக்தி ஆணையம். அப்படியானால் ரஷ்யா ரகசியமாகச் சோதனை நடத்தினாலும் தெரியாது, எனவே சோதனைத் தடை ஒப்பந்தமே வீண் என்ற முடிவுக்கு அது கொண்டுபோய் விட்டது. சோதனை நடந்த சமயத்தில் தொலைதூர நகரங்களில் அதிர்வு பதிவானதாக நாளிதழில் வந்த ஓரிரு வரிச் செய்திகளை ஸ்டோன் எடுத்துவைத்திருந்தார். நேராக நிலநடுக்கப் பதிவுகளைப் பராமரிக்கும் அரசுத் துறைக்குப் போய்க் கேட்டார். 2,000 மைலுக்கும் அப்பால் அலாஸ்காவில் இருந்த நிலையம்கூட அதைப் பதிவு செய்திருந்தது. ஆணையம் தன் கூற்றைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. இப்படி உழைத்தவருக்கு வாசகர்கள் பெருகினார்கள். 1971இல் அவர் மடலை நிறுத்தியபோது சந்தாதாரர்கள் சுமார் 70,000 பேர்.

நம் பக்கத்திலும் இந்த மரபு உண்டு. சி.சு. செல்லப்பா 1959இல் சென்னையில் தொடங்கிய ‘எழுத்து’ போன்ற சிற்றிதழ்கள் சந்தாவை நம்பியே நடந்தன. தமிழ்ப் புதுக்கவிதை வேர்பிடித்தது அந்த இதழில். ஆனால் செல்லப்பா கைப்பொருளை இழந்தார், புத்தகங்களைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். காகிதம், அச்சுக்கூலி, தபால்தலை என மூன்று செலவுகள் அன்று சிற்றிதழ்களின் கழுத்தை நெரித்தன. மின்மடலில் அந்த மூன்றும் ஏறக்குறைய இல்லை. அன்று செல்லப்பாவைத் தோற்கடித்தது வாசகர் பஞ்சம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை யோசிக்க வேண்டும்.

முதல் நூறு பேர்

மடல் தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது பொருளைச் சுருக்குவது. ‘என் எண்ணங்கள்’ என்ற மடலுக்குப் பெரும் புகழ் பெற்றவர்களுக்குத்தான் சந்தா விழும். பிஷப்புக்குச் சீனா, ‘ஹீட்டட்’ மடல் நடத்தும் எமிலி ஆட்கினுக்குக் காலநிலை மாற்றம், ஏர்பிஎன்பியில் பணியாற்றி வெளியே வந்த லென்னி ராசிட்ஸ்கிக்கு மென்பொருள் தயாரிப்பு நிர்வாகம். இதைப் படித்தால் எனக்கு இன்னது கிடைக்கும் என்று வாசகர் ஒரே வரியில் இன்னொருவரிடம் சொல்ல முடிய வேண்டும். மடல் பரவுவது அந்த ஒரு வரியால்தான்.

அடுத்தது, கூச்சத்தை விட்டுக் கேட்பது. ‘மார்னிங் ப்ரூ’ என்ற வணிகச் செய்தி மடலை 2015இல் மிஷிகன் பல்கலைக்கழக மாணவர்களான அலெக்ஸ் லீபர்மேனும் ஆஸ்டின் ரீஃபும் தொடங்கினார்கள். வகுப்பறைகளில் அனுமதி கேட்டு இரண்டு நிமிடம் பேசி, ஒரு தாளைச் சுற்றவிட்டு, மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை எழுதி வாங்கினார்கள். பிறகு வாசகர்களையே ஆள் சேர்க்க வைத்தார்கள். சிலரைச் சேர்த்தால் ஞாயிறு சிறப்பு மடல், இன்னும் சிலரைச் சேர்த்தால் ஸ்டிக்கர், அதற்கு மேல் காபிக் கோப்பை, டி-ஷர்ட். 2020இல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை ‘இன்சைடர்’ ஊடக நிறுவனம் வாங்கியபோது போட்ட மதிப்பு சுமார் 7.5 கோடி டாலர். அத்தனையும் அந்தத் தாளில் தொடங்கியது.

மூன்றாவது வழி, சக எழுத்தாளர்கள். ஒரு மடலில் சேரும் வாசகருக்கு, அதன் ஆசிரியர் மதிக்கும் வேறு மடல்களைக் காட்டும் பரிந்துரை வசதியை 2022இல் சப்ஸ்டாக் கொண்டுவந்தது. அது வந்த பிறகு பலருக்குப் புது வாசகர்கள் அந்த வாசல் வழியாகவே வருகிறார்கள். நல்ல எழுத்தாளர்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் மனதாரப் பரிந்துரைத்தால் எல்லோருக்கும் லாபம்.

செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலும் பழைய விசிட்டிங் கார்டுகளிலும் கிடைத்த முகவரிகளைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். விரும்பாதவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார். அப்படிச் சிலர் அழுத்தினால், விரும்பிக் கேட்டவருக்கும் உங்கள் மடல் போய்ச் சேராது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவரின் தகவலைப் பயன்படுத்த ஒப்புதலைத்தான் அடிப்படையாக வைக்கிறது.

காசு வரும் நான்கு வழிகள்

முதல் வழி சந்தா. இலவசமாகப் படிப்பவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் பணம் கட்டுவார்கள் என்பது சப்ஸ்டாக் எழுத்தாளர்களுக்குச் சொல்லிவந்த கணக்கு. பொதுவான பொருளில் எழுதுகிறவர்கள் அதைவிடக் குறைவாகவே எதிர்பார்ப்பது நல்லது. சீனா, பங்குச்சந்தை, சட்டம் எனத் தொழிலுக்குப் பயன்படும் மடல்களுக்குக் கட்டுகிறவர் அதிகம். பல இடங்களில் அலுவலகமே கட்டிவிடும்.

எல்லாவற்றையும் பூட்டிவைத்தால்தான் கட்டுவார்கள் என்பதும் சரியில்லை. பாஸ்டன் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன் 2019 முதல் அன்றாட அமெரிக்க அரசியலை வரலாற்றோடு பொருத்தி எழுதும் மடலை யாரும் இலவசமாகப் படிக்கலாம். பணம் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் கூடுதல் சலுகை, கருத்து எழுதும் உரிமைதான். ஆனாலும் பெருந்திரளான வாசகர்கள் கட்டுகிறார்கள். இவர் தொடர்ந்து எழுத வேண்டும், எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கட்டுகிறார்கள்.

இரண்டாவது வழி விளம்பரம். ஆயிரம் பேர் மடலைத் திறந்தால் இவ்வளவு என்று விலை பேசுவது வழக்கம். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு வசதி, வாசகர் திறக்காத மடலையும் திறந்ததாகக் காட்டிவிடுகிறது. எனவே விவரமான விளம்பரதாரர்கள் இப்போது எத்தனை பேர் இணைப்பைச் சொடுக்கினார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

மூன்றாவது வழி, மடலை இலவசமாகக் கொடுத்து வேறொன்றில் சம்பாதிப்பது. பெங்களூருவின் ‘ஃபின்ஷாட்ஸ்’ இதற்கு நல்ல சான்று. பொருளாதாரச் செய்தி ஒன்றை மூன்று நிமிடத்தில் படிக்கும்படி எளிய ஆங்கிலத்தில் தரும் அந்த மடலுக்குச் சந்தா இல்லை. மடலில் சேர்ந்த நம்பிக்கையை வைத்து ‘டிட்டோ’ என்ற காப்பீட்டு ஆலோசனைச் சேவையை நடத்துகிறார்கள். வருமானம் அங்கே வருகிறது. நான்காவது வழி, புத்தகம், வகுப்பு, கருத்தரங்கம். பல எழுத்தாளர்கள் இந்த நான்கில் இரண்டையாவது சேர்த்துத்தான் நடத்துகிறார்கள்.

கையில் நிற்பது எவ்வளவு?

கணக்கைத் திறந்து பார்ப்போம். சப்ஸ்டாக் சந்தாவில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் அமெரிக்கக் கார்டுக்கு 2.9 சதவீதமும் ஒவ்வொரு முறைக்கும் 30 சென்ட்டும் எடுக்கும். தொடர் சந்தாவுக்கு இன்னும் 0.7 சதவீதம். மாதம் 5 டாலர் கட்டும் வாசகரிடமிருந்து எழுத்தாளர் கைக்கு வருவது 4 டாலர் 2 சென்ட். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. அதே வாசகர் ஆண்டுக்கு 50 டாலரை ஒரே தடவையில் கட்டினால் 42 டாலர் 90 சென்ட் வரும். கழிவு 14 சதவீதத்துச் சொச்சம்தான். அந்த 30 சென்ட் பன்னிரண்டு முறைக்குப் பதில் ஒரே முறை போவதுதான் காரணம்.

ஆண்டுச் சந்தாவுக்கு இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. மாதச் சந்தாதாரர்களில் மாதம் 5 சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சின்ன எண்ணிக்கையாகத் தெரியும். ஆயிரம் பேரில் தொடங்கினால், ஆண்டு முடிவில் அவர்களில் மிஞ்சுவது சுமார் 540 பேர். ஆயிரத்திலேயே நிற்பதற்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் ஐம்பது புது ஆட்களைப் பிடிக்க வேண்டும். ஆண்டுச் சந்தாதாரருக்கோ விலகலாமா என்ற கேள்வி ஆண்டுக்கு ஒருமுறைதான் எழும். புது வாசகரைத் தேடுவதில் காட்டும் வேகத்தில் பாதியையாவது இருப்பவரைத் தக்கவைப்பதில் காட்டினால் வருமானம் நிலைக்கும்.

வளர்ந்த பிறகு 10 சதவீதம் பெரிய தொகையாகத் தெரியும். ‘கோஸ்ட்’ என்ற மென்பொருளை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பு, சந்தாவில் பங்கு கேட்பதில்லை. மாதம் ஒரு நிலையான கட்டணம் மட்டும் வாங்குகிறது. தொடக்கத்தில் சப்ஸ்டாக் மலிவு. சந்தாதாரர்கள் சில நூறைத் தாண்டியபின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பட்டியல் யாருடையது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ட்விட்டர் நிறுவனம் 2021இல் ‘ரெவ்யூ’ என்ற மடல் சேவையை வாங்கியது. 2023 ஜனவரியில் மூடியது. ஃபேஸ்புக் 2021இல் ‘புல்லட்டின்’ என்று ஒன்றைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகூட ஓடவில்லை. மெயில்சிம்ப் நிறுவனம் நடத்திய ‘டைனிலெட்டர்’ 2024 பிப்ரவரி 29 அன்று நின்றது. ஒவ்வொரு முறையும் தப்பித்தவர்கள், வாசகர் முகவரிகளைத் தங்கள் கணினியில் இறக்கி வைத்திருந்தவர்கள்.

கேஸி நியூட்டன் நடத்தும் ‘பிளாட்ஃபார்மர்’ மடலைப் பாருங்கள். நாஜி ஆதரவு எழுத்துகளைச் சப்ஸ்டாக் கையாண்ட விதத்தில் உடன்பாடில்லாமல் 2024 ஜனவரியில் அவர் கோஸ்டுக்கு மாறினார். முகவரிப் பட்டியலையும் பணம் கட்டிய வாசகர்களையும் கையோடு கொண்டுபோனார். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் எத்தனை லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும் இப்படிக் கிளம்ப முடியாது. மாதம் ஒருமுறை பட்டியலை இறக்கிப் பத்திரப்படுத்துவது, வயலுக்குப் பட்டா வைத்திருப்பது போல.

தமிழ் மடலுக்கு வரும் தனிச் சிக்கல்

மடல் வாசகரின் இன்பாக்ஸுக்குள் நுழைவதே இன்று ஒரு வேலை. ஒரு நாளில் ஐயாயிரம் மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், அனுப்புநர் தாங்கள்தான் என்பதை நிரூபிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அடையாளங்களையும் வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியில் விதித்தது. ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. சொந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கி அனுப்புகிறவர் இவற்றை முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக வரும் ஒரு தொல்லையும் உண்டு. 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை ஜிமெயில் நடுவில் வெட்டி, மீதியைப் படிக்க ஓர் இணைப்பை வைத்துவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘கி’ என்ற ஓரெழுத்தில் ககரமும் இகரக் கொக்கியும் தனித்தனிக் குறிகள், ஆக 6 பைட். 2,000 சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை, எழுத்துகளால் மட்டுமே 50 கிலோபைட்டை எட்டும். அதற்கு மேல் வடிவமைப்புக் குறிமுறைகளும் சேர்ந்தால் வாசல் இடிக்கும். வெட்டப்படும் பகுதியில்தான் பெரும்பாலும் ‘விலக இங்கே அழுத்தவும்’ என்ற வரி இருக்கும். அதைக் காணாத வாசகர் ஸ்பேம் பொத்தானைத் தேடுவார். தமிழ் மடலுக்கு 1,000 முதல் 1,200 சொல் நல்ல அளவு. எளிய வடிவமைப்பு இன்னும் நல்லது.

பணம் வாங்குவது அடுத்த தடை. சப்ஸ்டாக்கில் சந்தா வசூலிக்க எழுத்தாளருக்கு ஸ்ட்ரைப் கணக்கு வேண்டும். ஸ்ட்ரைப்போ 2024 மே மாதம் முதல் இந்தியாவில் அழைப்பு இல்லாமல் புதுக் கணக்கு தருவதில்லை. கூடவே, 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கப்படும் ஒவ்வொரு தொகைக்கும் 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். நுகர்வோருக்கு நல்ல பாதுகாப்பு இது. சிறு தொகையை மாதாமாதம் பிடிக்கும் எழுத்தாளருக்கு, ஒவ்வொரு மாதமும் விலகலாமா என்று வாசகரைக் கேட்பதற்குச் சமம்.

இதற்கு இங்கே நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. மடலை எந்தச் சேவையில் வேண்டுமானாலும் அனுப்புங்கள். சந்தாவை ரேஸர்பே போன்ற உள்ளூர் நிறுவனத்தின் பணம் செலுத்தும் பக்கத்தில், யுபிஐ வழியாக, ஆண்டுக்கு ஒருமுறை வாங்குங்கள். கட்டியவரின் முகவரியைச் சந்தாதாரர் பட்டியலில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். சில நூறு பேர் வரை இதை ஒருவர் சமாளிக்கலாம். சேவைகளில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆண்டுக்கு 600 ரூபாய் சந்தா என்று வைத்தால், ஆயிரம் பேர் 6 லட்சம் ரூபாய். அதாவது மாதம் ஐம்பதாயிரம். கழிவும் வரியும் போக இன்னும் குறையும். சென்னையில் முழுநேர வாழ்க்கைக்குப் போதாமல் போகலாம். தேனியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து எழுதுகிறவருக்கு அது கணிசமான வருமானம். சிங்கப்பூர், டொரொன்டோ, லண்டன் தமிழர்கள் அந்த ஊர் விலையில் கட்டத் தொடங்கினால் கணக்கே மாறும்.

பாசனம், கோயில் கல்வெட்டு, மீன்பிடித் தொழில், உள்ளாட்சி வரவுசெலவு, தமிழ் வழியில் மருத்துவம் என்று நாளிதழ்கள் தொடர்ந்து எழுத இடம் ஒதுக்காத பொருள்கள் நம்மிடம் ஏராளம். ஒவ்வொன்றையும் ஆழமாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் உழைப்பை ஃபேஸ்புக்கில் இலவசமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து அதே எழுத்தை ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த பொருளில் மடலாக அனுப்பத் தொடங்குங்கள். ஆறு மாதம் இலவசமாக அனுப்புங்கள், பிறகு தயங்காமல் விலை வையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பயன்படும் ஒரு மடலையாவது தேர்ந்தெடுத்து இந்த மாதம் ஆண்டுச் சந்தா கட்டுங்கள். சுதந்திரமான தமிழ் எழுத்து நீடித்து நிற்பது அந்தச் சந்தாவில்தான்.